பட்டாவுக்கு முன்னாடி பங்கு இருந்தது

ஜாவா தீவுல ஆம்பளைங்க கட்டுற கட்டம் போட்ட லுங்கிக்கு "பெலேகாட்"னு ஒரு பேர் உண்டு. மலேசியாவுல அதையே "கைன் பெலிக்காட்"னு சொல்றாங்க. கைன் அப்படின்னா துணி. பெலிக்காட் வேற எதுவும் இல்ல, நம்ம பழவேற்காடுதான். நானூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கரையிலிருந்து கப்பல்ல துணி போனப்ப, ஊர் பேரும் கூடவே ஏறிப் போயிடுச்சு. இன்னைக்கும் அங்க லுங்கி கட்டுறவர் நம்ம ஊர் பேரைத்தான் இடுப்புல கட்டியிருக்கார்.

டச்சுக்காரங்க கோட்டை, கல்லறை பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தினது இல்ல. அந்த லுங்கி கட்டின ஜாவா விவசாயி, பொன்னேரிப் பக்கம் ஏர் ஓட்டின நம்ம முன்னோர், பழவேற்காடு ஏரியில வலை போடுற மீனவர், இந்த மூணு பேரும் "சொத்து"ன்னு எதைச் சொன்னாங்கன்னு கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். படிச்ச வரைக்கும் மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வருது. சொத்துங்கிறது வேலி போட்ட ஒரு துண்டு இல்ல. அது ஊருக்குள்ள ஒரு பங்கு, அந்தப் பங்குக்கு ஒரு முறை. நிலத்தைப் பொறுத்தவரை இப்ப நம்ம கையில இருக்கிறது பட்டா. பங்கு எங்க போச்சு, அது போனதால யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்னு பார்க்கலாம்.

ஏரியில பாடு

முதல்ல ஏரி. ஏன்னா அங்கதான் பழைய வழக்கம் இன்னும் உயிரோட இருக்கு.

பழவேற்காடு ஏரி உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் கலக்குற இடம். ஒரிசாவுல இருக்கிற சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியா இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு முனை நம்ம பக்கம். ஆரணியாறு பொன்னேரியைத் தாண்டி வந்து இதுலதான் விழுது. கடலும் ஏரியும் சேர்ற முகத்துவாரம் வழியா, தண்ணி ஏறி இறங்குறப்ப இறாலும் மீனும் போய் வரும். அதனால முகத்துவாரத்துக்குப் பக்கத்துல வலை கட்டினவனுக்கு நல்ல பாடு கிடைக்கும். தள்ளி இருக்கிறவனுக்குக் கொஞ்சம்தான்.

ஒரே ஆளு வருஷம் பூரா நல்ல இடத்துல நின்னா என்ன ஆகும்? அவன் மாடி வீடு கட்டுவான், மத்தவன் கடன் வாங்குவான். அதுக்காக வந்ததுதான் "பாடு" முறை. வலை கட்டுற இடங்களுக்கே பாடுன்னுதான் பேர். எந்த இடம் யாருக்குன்னு சீட்டுப் போட்டுப் பிரிச்சு, முறை வச்சு மாத்திக்குவாங்க. இன்னைக்கு நல்ல இடத்துல நீ, அடுத்த முறை நான். இந்த உரிமை ஆதியில கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம்னு மூணு ஊர் பட்டினவர் மீனவர்களுக்கு இருந்தது. பங்கு போறது தலைக்கட்டுக் கணக்குல. இதுக்கு எந்தப் பதிவாளர் ஆபீஸ்லயும் பத்திரம் கிடையாது. ஊர்க்கூட்டம்தான் பத்திரம்.

தண்ணிக்கு வேலி போட முடியாது, மீனுக்கு எல்லைக்கல் நட முடியாது. அதனால இடத்தைப் பிரிக்காம நேரத்தைப் பிரிச்சாங்க. இலங்கையில நீர்கொழும்பு ஏரியிலயும் கட்டு வலைக்கு இதே மாதிரி சீட்டுப் போட்டு முறை வைக்கிற வழக்கம் உண்டு.

ஆனா இதை ரொம்பப் புகழ்ந்துட்டும் போக முடியாது. பங்கு உள்ளவங்களுக்குள்ள சமத்துவம் இருந்தது. பங்கு இல்லாதவங்களுக்கு? மத்த குப்பத்து மீனவர்கள், தலித் மீனவர்கள், தண்ணியில இறங்கிக் கையாலயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்கள், இவங்களுக்குப் பாடு கிடையாது. அதுக்காகச் சண்டை நடந்திருக்கு, பேச்சுவார்த்தை நடந்திருக்கு, பிற்பாடு வேற சில ஊர்க்காரங்களும் போராடி உள்ள வந்திருக்காங்க. இதை ஞாபகம் வச்சுக்கங்க, வயலுக்குப் போனாலும் இதே கேள்வி வரும்.

வயல்ல கரையீடு

நம்ம தொண்டைமண்டலம் ஏரிப்பாசன நாடு. ஏரிக்கு முகத்துவாரம் எப்படியோ, வயலுக்கு மதகு அப்படி. மதகுக்குக் கிட்ட இருக்கிற நிலத்துக்குத் தண்ணி முதல்ல பாயும். கடைமடைக்கு மிச்சம் இருந்தாத்தான் வரும். விவசாயம் பண்றவங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்துல ஊர் நிலத்து மேல இருந்த உரிமைக்குக் காணியாட்சின்னு பேர். பிற்காலத்துல அதையே மிராசுன்னு சொன்னாங்க. ஊர் மொத்தத்தையும் இத்தனை பங்குன்னு வச்சிருப்பாங்க. ஒருத்தருக்கு ஒரு பங்கு, இன்னொருத்தருக்கு அரைப் பங்கு. சில ஊர்ல நிலத்தை ஒரேயடியாப் பிரிச்சு முடிச்சிருப்பாங்க. அது அறுதிக்கரை. சில ஊர்ல நிலம் பொதுவுலயே இருக்கும். சில வருஷத்துக்கு ஒருதரம் மறுபடி பிரிச்சு, மதகடியில இருந்தவன் கடைமடைக்கும் கடைமடையில இருந்தவன் மதகடிக்கும் மாறிக்குவான். அது பசுங்கரை. அப்படி மாத்திப் பிரிக்கிறதுதான் கரையீடு.

இதைப் பத்தி விவரமா எழுதி வச்சவர் எல்லிஸ் துரை. சென்னையில கலெக்டரா இருந்தவர், தமிழ் நல்லாப் படிச்சவர். தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம்னு 1816-லயே எழுதினவரும் இவர்தான். மிராசு உரிமை பத்தி அரசாங்கம் கேட்ட 17 கேள்விக்கு அவர் எழுதின பதில் 1818-ல அச்சாச்சு.

ஏரியில சீட்டு, வயல்ல கரையீடு. ரெண்டுக்கும் பின்னால இருக்கிற எண்ணம் ஒண்ணுதான். நல்ல இடமும் கெட்ட இடமும் எல்லாருக்கும் சுத்தி வரணும்.

களத்துலயும் பங்கு இருந்தது. நெல்லை அடிச்சுக் குவிச்சதும் அப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிட முடியாது. கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார், ஏரித் தண்ணியைப் பார்த்துக்கிறவர், கோயில்னு ஒவ்வொருத்தருக்கும் அம்பாரத்துலேர்ந்து அளந்து கொடுக்கணும். மேரைன்னு சொல்வாங்க, சுதந்திரம்னும் சொல்வாங்க. நாம 1947-க்கு வச்சிருக்கிற அதே சுதந்திரம்தான், அன்னைக்கு நெல்லுக்கணக்குல ஒரு சொல்லா இருந்துச்சு.

இங்கயும் வெளிய நின்னவங்க உண்டு. பங்கு இல்லாம உழுதவர் பாயகாரி. அதே ஊர்ல குடியிருந்தா உள்குடி, வெளியூர்லேர்ந்து வந்து உழுதா புறக்குடி. அவங்களுக்கும் கீழ படியாளா இருந்த பறையர் மக்கள். நடவு, களை, அறுப்பு எல்லாம் அவங்க கை. ஆனா குடிசை போட்ட இடமே மிராசுதாருக்குச் சொந்தம்னு சொல்லி, எதிர்த்துப் பேசினா காலி பண்ணச் சொல்ற நிலைமை. சும்மா கிடந்த தரிசைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டாலும், மிராசுதார் "எனக்குத்தான் முதல் உரிமை"ன்னு வந்து நிப்பார். செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல இதையெல்லாம் அரசாங்கத்துக்கு அறிக்கையா எழுதினார். அதுக்கப்புறம் 1892-ல வந்த அரசாணைப்படி ஒதுக்கின நிலம்தான் இன்னைக்கு நாம பஞ்சமி நிலம்னு சொல்றது. அப்ப பொன்னேரி வட்டாரமும் அதே செங்கல்பட்டு ஜில்லாதான். திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-லதான்.

பொம்பளைங்களுக்கும் இந்தப் பங்குல பேர் இல்ல. பரம்பரைச் சொத்துல மகளுக்கும் மகனுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1989-ல.

ஆக, பங்கு நல்ல ஏற்பாடுதான், பங்காளிக்கு மட்டும்.

ஜாவாவுலயும் இதே கதை

ஜாவாவுல கிராமத்துக்கு "தேசா"ன்னு பேர். நம்ம தேசம்தான். நஞ்சை நிலத்தை "சாவா"ன்னு சொல்வாங்க. அங்க பல ஊர்ல ஊர்ப்பங்கு உள்ள குடியானவருக்கு "கோகோல்"னு பேர். கோகோலுக்கு நிலம் நிரந்தரம் இல்ல. முறை வச்சு ஊர் மாத்திக் கொடுக்கும். ஊர்த் தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலா "பெங்கோக்"னு நிலம் விட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல மணியக்காரருக்கும் கணக்கருக்கும் மானியம் விட்ட மாதிரி. பங்கு இல்லாம அடுத்தவர் மனையில ஒதுங்கி இருந்து கூலி வேலை பார்த்தவங்களுக்கு "நும்பாங்"னு பேர். பேர்தான் வேற. களத்துல நிக்கிற ஆட்கள் அதே ஆட்கள்.

அங்க இன்னொரு விஷயமும் நடந்தது. 1830-லேர்ந்து டச்சு அரசாங்கம், ஊர் நிலத்துல அஞ்சுல ஒரு பாகத்துல கரும்பு, அவுரி மாதிரி ஏற்றுமதிப் பயிர் வச்சுக் கொடுக்கணும்னு கட்டாயப்படுத்துச்சு. சுமை கூடினதும், அதைச் சுமக்க அதிகம் பேர் வேணும்னு பல ஊர்ல பங்கு முறையை இன்னும் அகலப்படுத்தினாங்க. அதாவது பங்கு எப்பவும் நல்ல மனசால வந்தது இல்ல. சில நேரம் வரிச்சுமையைப் பங்கு போடவும் வந்திருக்கு. நம்ம ஊர்லயும் ராஜாவுக்குக் கட்டவேண்டியதை ஊரா சேர்ந்துதான் கட்டினோம்.

சங்கிலி பிடிச்சு அளந்தவங்க

இந்தப் பங்கெல்லாம் எப்படிக் காகிதம் ஆச்சு?

நவாப் முகமது அலி 1763-ல செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீரா எழுதிக் கொடுத்தார். 1767-லேர்ந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கிற இஞ்சினியர் சுமார் 2,000 ஊரை அளந்து கணக்கெடுத்தார். 1780-ல ஐதர் அலி படை வந்து இந்தச் சீமையைச் சூறையாடுச்சு. மக்கள் ஓடிப்போய் ஊர் பல வருஷம் பாழாக் கிடந்தது. அப்புறம் 1794-ல கலெக்டரா வந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிட்டுக் குடிகளைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார், வரியையும் ஏத்தினார். 1820-ல கவர்னரா வந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரியைப் பரவலாக்கினார். இனிமே ஊரோட பேச்சு இல்ல, ஒவ்வொரு ரயத்தோடயும் சர்க்கார் நேரடியாப் பேசும். இந்த சர்வே நம்பர் இவர் பேர்ல, இவ்வளவு தீர்வை. அதுதான் பட்டா.

இங்க ஒரு ஆச்சரியம் பாருங்க. 1811-ல சென்னையிலிருந்து கிளம்பின படையும் சேர்ந்துதான் இங்கிலீஷ்காரங்க டச்சுக்காரங்ககிட்ட இருந்து ஜாவாவைப் பிடிச்சாங்க. மைசூர்ச் சீமையை அளந்தவர், ஊர் ஊராச் சுவடி சேர்த்த காலின் மெக்கன்சி, ஜாவாவுக்குப் போய் அங்க நிலம் யாருக்குச் சொந்தம்னு விசாரிக்கிற கமிஷனுக்குத் தலைவரா இருந்தார். திரும்பி வந்து 1815-ல இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நம்ம பக்கம் படிச்ச பாடத்தை அங்கயும் போட்டுப் பார்த்தாங்க.

டச்சுக்காரங்க ஜாவாவைத் திரும்ப வாங்கின பிறகு, 1870-ல ஒரு சட்டம் போட்டாங்க. யார் தன் நிலம்னு நிரூபிக்க முடியலையோ, அது சர்க்கார் நிலம். நம்ம ஊர்ல இதுக்கு ஒரே வார்த்தை இருக்கு: புறம்போக்கு. மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களம் புறம்போக்கு. ஊரே அனுபவிச்ச இடம்தான் எல்லாம். ஆனா தனி ஆள் பேர் இல்லாததால சர்க்கார் கணக்குக்குப் போயிடுச்சு.

பட்டா வந்ததுல நன்மை இல்லாம இல்ல. பாயகாரியா இருந்தவர் பேர்லயும் நிலம் வந்தது. அப்பா, தாத்தா காலத்துல நினைச்சே பார்க்க முடியாத குடும்பங்கள் நிலம் வாங்கினாங்க. மிராசுதார் தயவு இல்லாம நிமிர்ந்து நிக்க ஒரு காகிதம் கைக்கு வந்தது. அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முறையும் பங்கும் எழுத அந்தக் காகிதத்துல கட்டம் இல்ல. கடைசியா நம்ம கையில மிச்சம் இருக்கிறது கூட்டுப்பட்டா. அதுவும் 1979-லேர்ந்து 1987 வரைக்கும் நடந்த யு.டி.ஆர் சர்வேயில பேர் மாறி, விஸ்தீரணம் மாறி, இன்னும் தாலுக்கா ஆபீஸ் படி ஏறிக்கிட்டு இருக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

போக்குவரத்து: யார் போனாங்க, எப்படிப் போனாங்க

டச்சுக்காரங்க 1610-ல பழவேற்காட்டுல வியாபாரம் பண்ண இடம் வாங்கினாங்க. 1613-ல கெல்ட்ரியா கோட்டை எழும்புச்சு. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமை இடம் இதுதான், அதுக்கப்புறம் நாகப்பட்டினம் போயிடுச்சு. கடைசியா 1825-ல பழவேற்காட்டை இங்கிலீஷ்காரங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க.

அந்தக் கப்பல்கள்ல துணி மட்டும் போகல. மனுஷங்களும் போனாங்க, அடிமையா. ஜாவாவுல பத்தேவியான்னு டச்சுக்காரங்க 1619-ல கட்டின ஊர்தான் இன்னைக்கு ஜகார்த்தா. அங்க வேலைக்கு ஆள் வேணும்னு பழவேற்காட்டுலேர்ந்து ஆயிரக்கணக்குல ஏத்திக்கிட்டுப் போனாங்க. போரும் பஞ்சமும் வந்த வருஷங்கள்ல எண்ணிக்கை எகிறும். சோறு கிடைக்காம தன்னையும் பிள்ளையையும் வித்த காலம் அது. ஊர்ல பங்கு இருக்கிறவன் விதைநெல்லையாவது பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் தாங்குவான். பங்கு இல்லாதவன்தான் முதல்ல துறைக்கு வந்து நின்னிருப்பான். லுங்கியில நம்ம ஊர் பேர் இருக்குன்னு பெருமைப்படுறப்ப, பேர் கூட மிஞ்சாமப் போன இந்த ஜனங்களையும் நினைக்கணும்.

அடுத்தது கால்வாய். 1806-ல சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவுல காக்ரேன் கால்வாய் வந்தது. அப்புறம் பழவேற்காடு ஏரியைத் தாண்டி வடக்கே நீண்டுச்சு. 1876 முதல் 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலைன்னு சனங்களைக் கொண்டு கால்வாயை வெட்டி, அப்ப இருந்த கவர்னர் பக்கிங்காம் பிரபு பேரை வச்சாங்க. அந்தப் பஞ்சத்துல நிவாரண வேலைக்கு ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் அது கூட ஓரணா காசும்தான்னு 1877-ல கூலியைக் குறைச்சதும் நடந்தது. கால்வாயில தண்ணி மட்டும் இல்ல, அந்தக் கூலியும் ஓடுது.

அந்த வழியாத்தான் ஸ்ரீஹரிகோட்டா விறகு, உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் சென்னைக்குப் போச்சு. காத்து இருந்தா பாய், இல்லன்னா கரையில நடந்து கயிறு கட்டி இழுக்கிறது. 1899-ல சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை இணைஞ்சதும் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் ரயிலடி ஊர் ஆச்சு. ஏரிக்கரை ஊர்கள் ஒதுங்கிப் போச்சு. 1965, 66 புயல்கள்ல கால்வாய் ரொம்பவே அடிபட்டு, படகுப் போக்குவரத்து தேய்ஞ்சு நின்னு போச்சு.

போக்குவரத்து மாறினா சொத்தோட மதிப்பும் மாறும். ரயிலடிக்குப் பக்கம் கொல்லை இருந்தவன் மனை போட்டான். ஏரிக்குள்ள இருந்தவனுக்குப் படகுதான் கதி. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க. ஏரிக்கரையில இருக்கிறவங்களுக்கு அது மறக்காது.

இப்ப என்ன ஆபத்து

1969-ல ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தாங்க. 1971 அக்டோபர் 9-ல முதல் ராக்கெட் கிளம்புச்சு. நாட்டுக்குப் பெருமை, சந்தேகமில்ல. ஆனா அந்தத் தீவுல ஏனாதி மக்களும் மீனவக் குடும்பங்களும் இருந்தாங்க. பட்டா நிலத்துக்கு ஏக்கர் கணக்குல விலை போட முடியும். தேன் எடுத்த காட்டுக்கும் வலை போட்ட தண்ணிக்கும் எந்த அடங்கல்ல கணக்கு பார்க்கிறது?

இதே கேள்வி இப்ப நம்ம வாசல்லயும் நிக்குது. எண்ணூர்ல அனல்மின் நிலையம், துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 6,000 ஏக்கருக்கு மேல விரிவாக்கணும்னு திட்டம் வந்து, 2021-லயும் 2023-லயும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சுத் தள்ளி வச்சாங்க. சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்துல பொன்னேரியும் ஒரு தொழில் நகரம்னு பேர் அடிபடுது. வேலை வரும், ரோடு வரும். வரட்டும், வேண்டாம்னு சொல்றதுக்கு நான் இதை எழுதல. ஆனா நிலம் எடுக்கிறப்ப பட்டாதாரரைக் கூப்பிட்டுப் பேசுவாங்க. பாடு வச்சிருக்கிறவரை யார் கூப்பிடுவாங்க? கையால இறால் தடவுற இருளர் அம்மாவுக்கு எந்த சர்வே நம்பர்? மேய்க்கால்ல ஆடு ஓட்டுறவருக்கு?

பங்குங்கிறது ஊர்ச்சனம் இருக்கிற வரைக்கும்தான் இருக்கும். எழுதி வைக்காதது வெளியாள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு நஷ்டஈடும் கிடையாது. நம்ம களம் புறம்போக்கையே எடுத்துக்கங்க. அறுப்பு மெஷின் வந்ததும் களத்துல யாரும் நெல் அடிக்கிறதில்ல. சும்மாத்தானே கிடக்குன்னு முதல்ல ஒருத்தர் வைக்கோல் போர் போடுவார், அப்புறம் வேலி, அப்புறம் கொட்டகை. கேட்டா, "உன் பேர்ல இருக்கா?"ம்பார்.

அதனால ஒரு காரியம் செய்யலாம்னு தோணுது. ஏரிக்கரை ஊர்ல இருக்கிறவங்க, பாடுகளோட பேர், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எந்தக் குப்பத்துக்கு எந்த முறைன்னு பெரியவங்ககிட்ட கேட்டு நோட்டுல எழுதி, கிராமசபையில தீர்மானமா வைங்க. பாடு இல்லாதவங்க எங்க எப்படிப் பிழைக்கிறாங்கங்கிறதும் அதே நோட்டுல வரணும். பழைய தப்பை மறுபடி எழுதி வச்சு என்ன பிரயோஜனம்? வயல் ஊர்க்காரங்க நம்ம 'அ' பதிவேட்டை எடுத்து, எந்தெந்த நம்பர் களம், எது மேய்க்கால், எது நீர்வழின்னு பார்த்துட்டு, நேர்ல போய் நின்னு அந்த இடம் இருக்கான்னு பாருங்க.

உங்க ஊர்ல கரையீடு, முறைத்தண்ணி, களத்து மேரை மாதிரி வழக்கம் பத்திப் பாட்டன் பாட்டி சொல்லிக் கேட்டிருந்தா கீழ எழுதுங்க. ஊர் பேரோட எழுதினா நல்லது. அடுத்த பதிவுல கால்வாய்ப் படகுக்காரங்களைப் பத்தி எழுதுறேன். நாற்று விட்டாச்சு, நடவு முடிஞ்சதும் உட்காரணும்.